காட்டுக் கோயிலில் கரடிக்குப் பந்தி வைக்கலாமா?

“கோவில்பட்டி பக்கம் மானாவாரியில் மக்காச்சோளமும் உளுந்தும் போடுகிறோம். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் குடும்பத்தோடு போய், குடில் போட்டு, பொங்கிப் படைத்து, தங்கி வருவது எங்கள் வழக்கம். அந்தப் பக்கம் கரடி நடமாட்டம் உண்டு என்கிறார்கள். சின்னப் பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிப் போகிறோம். சாப்பாட்டு வாசனைக்குக் கரடி வருமா? வந்தால் என்ன செய்ய வேண்டும்?”

– வாசகர் ஒருவர், கோவில்பட்டி வட்டாரம்.

சாப்பாட்டு வாசனைக்குக் கரடி வரும். ஆனால், அது வருவதும் வராமல் இருப்பதும் பெரும்பாலும் தங்குகிறவர்கள் கையில்தான் இருக்கிறது.

கரிசல் பகுதியில் ‘காட்டுக்குப் போகிறேன்’ என்றால் சொந்த நிலத்துக்குப் போவதாகப் பொருள். காரையாறு அப்படிப்பட்ட காடு அல்ல. பாபநாசத்துக்கு மேலே தாமிரபரணிக் கரையில் இருக்கும் அந்தக் கோயில், களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்கு உள்ளே இருக்கிறது. களக்காடு, முண்டந்துறை என்ற இரண்டு சரணாலயங்களைச் சேர்த்து 1988-ல் அமைக்கப்பட்ட காப்பகம் இது. புலி, சிறுத்தை, யானை, கரடி, காட்டுப்பன்றி எல்லாம் அங்கே குடியிருக்கின்றன. ஆடி அமாவாசைக்குப் போகிறவர்கள் அவற்றின் வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறார்கள்.

ருசி கண்டால் விடாது

மக்காச்சோளம் போடும் விவசாயிக்குக் காட்டுப்பன்றியின் குணம் தெரியும். பால் பிடிக்கும் பருவத்தில் ஒருநாள் இரவு உள்ளே புகுந்து தின்று பழகிவிட்டால், மறுநாளும் அதே வரப்பு வழியாக வரும். தனியாக வந்தது குட்டிகளோடு வரும். ‘ருசி கண்ட பூனை உறியை உறியைத் தாவும்’ என்று பெரியவர்கள் சொன்னது கரடிக்கும் பொருந்தும்.

கரடியின் இயற்கை உணவு கறையான், எறும்பு, தேன், பழங்கள். மேல்தாடையின் நடுவில் அதற்கு இரண்டு பற்கள் கிடையாது. புற்றை நகத்தால் பறித்து, மண்ணை ஊதித் தள்ளிவிட்டு, அந்தப் பல் இடைவெளி வழியாகக் கறையானை உறிஞ்சி எடுக்கும். நாவல், அத்தி, இலந்தை, சரக்கொன்றை என எந்தப் பழம் கிடைத்தாலும் தின்னும். தின்ற பழத்தின் விதைகள் எச்சத்தோடு விழுந்து புது மரங்கள் முளைக்கின்றன. அந்த வகையில் கரடியும் காட்டை வளர்க்கிற விவசாயிதான்.

கரடிக்குக் கண் பார்வையும் காதும் கொஞ்சம் மட்டம். மூக்கு மட்டும் மிகக் கூர்மை. மண்ணுக்குள் இருக்கும் புழுவைக்கூட வாசனையால் கண்டுபிடிக்கும். அப்படிப்பட்ட மூக்குக்கு வெல்லம், கருப்பட்டி, நெய், எண்ணெய், பழம் ஆகியவற்றின் வாசனை எவ்வளவு தூரத்தில் எட்டும் என்று யோசித்தால் போதும். கோவில்பட்டிக்காரர்கள் பையில் தவறாமல் இருப்பது கடலை மிட்டாய். நிலக்கடலையும் வெல்லமும் சேர்ந்த அந்த மிட்டாயைவிடக் கரடியைச் சுண்டி இழுக்கும் பொருள் வேறு இல்லை.

நீலகிரியில் இதன் விளைவை நேரிலேயே பார்க்கலாம். கோத்தகிரி, குன்னூர், மஞ்சூர் பகுதிகளில் கரடிகள் கோயில் கதவை உடைத்து விளக்கு எண்ணெயைக் குடிக்கின்றன. ரேஷன் கடைக்குள் புகுந்து சர்க்கரையைத் தின்கின்றன. ஒருகாலத்தில் ஆளைக் கண்டால் ஒதுங்கிய கரடிகள்தான் அவை. கிடைத்த தீனி அவற்றின் பயத்தைப் போக்கிவிட்டது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். கலிபோர்னியாவில் இருக்கும் யோசமிட்டி தேசியப் பூங்காவில் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்களின் உணவைத் தேடி, கரடிகள் கார் கதவுகளை வளைத்துப் பிய்த்தன. 1998-ல் மட்டும் 1,500-க்கும் மேற்பட்ட சம்பவங்கள் பதிவாயின. பிறகு தங்குமிடம்தோறும் கரடியால் திறக்க முடியாத இரும்புப் பெட்டிகளை வைத்து, உணவை அதில்தான் வைக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். சம்பவங்கள் மளமளவென்று குறைந்தன. கரடியைத் திருத்துவதைவிட உணவை மூடி வைப்பது சுலபம் என்பதுதான் அதில் கிடைத்த பாடம்.

காரையாற்றில் இரும்புப் பெட்டி கிடையாது. அதனால் ஒவ்வொரு குடும்பமும் தானே கவனமாக இருக்க வேண்டும்.

புறப்படுவதற்கு முன்

எத்தனை நாள் தங்கலாம், எந்த இடத்தில் குடில் போடலாம், எந்த வாகனம் போகலாம் என்பதை மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் அந்தந்த ஆண்டு அறிவிப்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். தங்கும் நாளுக்கு வேண்டிய அளவு மட்டும் அரிசி, பருப்பு, எண்ணெய் கொண்டு போனால் போதும். கருவாடு, பழுத்த பலா, வாழைத்தார் போன்ற வாசனைப் பொருள்கள் வேண்டவே வேண்டாம். கருப்பட்டி, கடலை மிட்டாய், நெய் போன்றவற்றைப் பொட்டலமாக வைக்காமல், இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் போட்டு எடுத்துப்போக வேண்டும். வளர்ப்பு நாயைக் கூட்டிப்போகக் கூடாது. கரடியைக் கண்டு குரைத்துக்கொண்டு ஓடும் நாய், கரடி திருப்பித் துரத்தினால் வளர்த்தவரிடமே ஓடி வரும். பின்னாலேயே கரடியும் வரும்.

குடில் போடும் இடத்தில்

அனுமதித்த இடத்தில், மற்ற குடும்பங்களோடு சேர்ந்தாற்போலக் குடில் போட வேண்டும். ஆடி மாதம் நாவல் பழுத்து உதிரும் காலம். நாவல், அத்தி மரத்தடியில் படுக்கக் கூடாது. பறித்துப் போட்ட புற்று, பழக்கொட்டைகள் கலந்த எச்சம் ஆகியவை பக்கத்தில் கிடந்தால் அது கரடி வந்துபோகும் தடம். பாறை இடுக்குகளில் கரடி பகலில் படுத்திருக்கும் என்பதால், பிள்ளைகளை அங்கே விளையாட விடக் கூடாது.

அடுப்பு ஒரு பக்கம், படுக்கை ஒரு பக்கம் என்று தள்ளித் தள்ளி இருக்கட்டும். பொழுது சாய்வதற்குள் சமைத்து, சாப்பிட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டும். மிச்சச் சோற்றையும் இலையையும் ஆற்றில் போடக் கூடாது. அந்தத் தண்ணீரைத்தான் கீழே பல ஊர்கள் குடிக்கின்றன.

‘குழி வெட்டி மூடிவிட்டால் போயிற்று’ என்று பலர் நினைப்பதுண்டு. கரடிக்கு அது கதவைத் திறந்து வைப்பது மாதிரி. மண்ணைப் பறித்துத் தீனி எடுப்பதற்கென்றே அமைந்த நகம் அதற்கு இருக்கிறது. உறி கட்டித் தொங்கவிடுவதும் பயன்படாது; தேனுக்காக மரம் ஏறுகிற விலங்கு அது. மிச்சத்தை ஒரு சாக்கில் கட்டி, குப்பைக்கென்று ஒதுக்கிய இடத்தில் சேர்க்க வேண்டும். அப்படி இடம் இல்லாவிட்டால் மூடி போட்ட வாளியில் போட்டுக் கீழே கொண்டு வந்துவிட வேண்டும். படையலுக்கு வைத்த பழம், பொங்கல், எண்ணெய் எல்லாவற்றையும் கும்பிட்டு முடித்ததும் எடுத்துவிட வேண்டும். கிடா வெட்டுகிறவர்கள் கழிவைக் காட்டுக்குள் வீசினால், அந்த வாடை சிறுத்தையையும் காட்டுப்பன்றியையும் சேர்த்து அழைத்துவரும்.

சமையல் சாமான்களை இரவில் படுக்கும் குடிலுக்குள் வைக்கக் கூடாது. வேன் நிறுத்த அனுமதித்த இடம் பக்கத்தில் இருந்தால், கண்ணாடியை ஏற்றிப் பூட்டி அதற்குள் வைக்கலாம். இல்லையென்றால் நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து, எல்லாச் சாமான்களையும் படுக்கையில் இருந்து தள்ளி, வெளிச்சம் உள்ள ஒரே இடத்தில் வைக்கலாம். பேரப்பிள்ளை தலையணைக்கு அடியில் வைத்திருக்கும் பிஸ்கட் பாக்கெட்டையும் பார்த்து எடுத்துவிட வேண்டும்.

இருட்டில் தனியாகப் போகாதீர்கள்

இரவிலும், விடிவதற்கு முன்னாலும் ஒதுங்கப் போகிற நேரம்தான் மிகவும் ஆபத்தானது. காதும் கண்ணும் மந்தமான கரடி, ஆள் பக்கத்தில் வந்த பிறகே திடுக்கிடும். திடுக்கிட்ட கரடிக்கு ஓடத் தோன்றாது, பாயத்தான் தோன்றும். பெரும்பாலான தாக்குதல்கள் இப்படி எதிர்பாராமல் நேருக்கு நேர் மாட்டிக்கொள்வதால் நடப்பவை. இரண்டு மூன்று பேராக, டார்ச் வெளிச்சத்தோடு, சத்தமாகப் பேசிக்கொண்டே போனால் கரடி முன்கூட்டியே விலகிவிடும்.

தூரத்தில் கரடியைப் பார்த்தால் நிற்க வேண்டும். ஓடக் கூடாது, மனிதனைவிடக் கரடி வேகமாக ஓடும். கரடியின் பக்கம் முகம் இருக்கும்படியே மெதுவாகப் பின்னால் நகர்ந்து, அதற்குப் போக வழி விட வேண்டும். கல் எறிவது, வெடி போடுவது, கூட்டமாகச் சுற்றி வளைப்பது, செல்போனில் படம் எடுக்கக் கிட்டே போவது இவையெல்லாம் உயிருக்கு உலை வைக்கும். முதுகில் குட்டியைச் சுமந்து போகும் தாய்க் கரடி என்றால் இன்னும் கவனம் வேண்டும். குடிலில் வைத்த சாமானைக் கரடி தின்றுகொண்டிருந்தால், அதைப் பறிக்கப் போகக் கூடாது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விலகி வந்து, ரோந்தில் இருக்கும் வனத்துறையினரிடம் சொல்ல வேண்டும்.

கரடியைக் கண்டு ஒருவன் மரத்தில் ஏறிக்கொள்ள, இன்னொருவன் செத்தவன்போலப் படுத்துக்கொண்ட பள்ளிக்கூடக் கதை எல்லோருக்கும் தெரியும். நம் ஊர்க் கரடியிடம் மரத்தில் ஏறியவன் தப்ப முடியாது. கரடி வருவதற்கு முன்பே படுத்துக்கொள்வதும் தவறு. விலகிப் போக வழியே இல்லாமல் கரடி மேலே பாய்ந்துவிட்டால் மட்டும் குப்புறப் படுக்க வேண்டும். முகத்தைத் தரையோடு சேர்த்து, இரண்டு கைகளையும் கோத்துப் பிடரியை மூடிக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும். கரடி குறி வைப்பது தலையையும் முகத்தையும்தான். அது விட்டுப் போனதும் உடனே எழுந்துவிடாமல், தூரமாகப் போய்விட்டது என்று தெரிந்த பிறகே எழ வேண்டும்.

காயம் பட்டால் ரத்தம் கொட்டும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, 108-க்குத் தகவல் சொல்ல வேண்டும். கடியோ கீறலோ சிறியதாக இருந்தாலும் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, மருத்துவமனைக்குப் போக வேண்டும். காட்டு விலங்கின் கடியால் வெறிநோய் வரலாம் என்பதால், அதற்கான தடுப்பூசியை மருத்துவர் சொல்கிறபடி தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் காயத்தில் அப்பக் கூடாது.

இரண்டு பக்கமும் இழப்பு

2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் அருகே கருத்தலிங்கபுரத்தில், இருசக்கர வாகனத்தில் போன வியாபாரி ஒருவரைக் கரடி தாக்கியது. காப்பாற்றப் போன இரண்டு பேருக்கும் பலத்த காயம். மயக்க ஊசி போட்டுப் பிடித்த கரடியைக் களக்காடு காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். பிறகு அந்தக் கரடியும் இறந்துபோனது. மனிதனும் கரடியும் நேருக்கு நேர் வந்துவிட்டால் யாருக்கும் வெற்றி இல்லை என்பதை அந்தச் சம்பவம் காட்டுகிறது. ஆளிடம் பழகிய கரடிக்கு மயக்க ஊசி, கூண்டு, தெரியாத காடு, சில சமயம் சாவு. கரடியிடம் மாட்டிய ஆளுக்கு ஆயுசுக்கும் ஆறாத முகக் காயம்.

கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு இழப்பும் உண்டு. முன்பெல்லாம் பத்து நாளுக்கு மேல் காரையாற்றில் குடில் போட்டுத் தங்கியவர்கள் இருக்கிறார்கள். இப்போது சில நாட்களுக்குத்தான் அனுமதி. குப்பையும் விலங்குத் தொந்தரவும் கூடக் கூட, அந்த நாட்கள் இன்னும் குறையலாம். தாத்தா காலத்தில் இருந்து போய்வரும் வழக்கம் பேரன் காலத்திலும் நிலைக்க வேண்டும் என்றால், குடிலைப் பிரிக்கும்போது ஒரு வாழை இலைகூட மிச்சம் இருக்கக் கூடாது. இந்த ஆண்டு சிந்தும் சோற்றைத் தேடி, அடுத்த ஆண்டு யாரோ ஒரு பிள்ளை படுத்திருக்கும் குடிலுக்குள் கரடி மூக்கை நுழைக்கும். அந்தப் பிள்ளை நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.