ஈடர் வாத்தும் கிரீன்லாந்துச் சுறாவும்

ஐஸ்லாந்துத் தீவைச் சூழ்ந்த குளிர்கடலில் வல்ல இறைவன் படைத்துள்ள இரண்டு உயிர்களை இம்மாதம் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று, கரையோரம் வாழும் ஈடர் வாத்து. மற்றொன்று, ஆழத்தில் உலவும் கிரீன்லாந்துச் சுறா.

பெண் ஈடர், தன் மார்பின் மென்தூவியைத் தானே அலகால் பறித்துக் கூட்டில் பரப்பி முட்டைகளைப் போர்த்துகிறது. சுமார் 25 நாட்கள் அடைகாக்கும்போது அது இரை உண்பதே அரிது. உடம்பில் சேர்ந்த கொழுப்பைக் கொண்டே உயிர் வாழ்கிறது. அந்தத் தூவியைத்தான் ஐஸ்லாந்து விவசாயிகள் கூட்டிலிருந்து சேகரித்து, விலையுயர்ந்த மெத்தைப் போர்வைகளுக்கு விற்கின்றனர். ஒரு கிலோ தூவிக்கு ஏறத்தாழ 60 கூடுகள் வேண்டும். ஆகவே நரி அண்டாமல் காவல் இருக்கிறார்கள். 1847ஆம் ஆண்டிலேயே இவ்வாத்தைக் கொல்வதற்குச் சட்டம் தடை விதித்துவிட்டது.

சுறாவின் கதை வேறு. ஐந்து மீட்டருக்கும் மேல் வளரும் அது, மணிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வேகத்தில் ஊர்வதுபோல் நீந்தும். அதன் பச்சை இறைச்சி நஞ்சு. வாரக்கணக்கில் புளிக்கவைத்து, மாதக்கணக்கில் தொங்கவிட்டு உலர்த்திய பிறகே அந்நாட்டார் உண்கின்றனர். ஆனால் வேட்டையாடியவர்கள் பெரிதும் நாடியது விளக்கெரிக்க உதவிய அதன் ஈரல் எண்ணெயைத்தான்.

2016இல் அறிவியலாளர்கள் 28 பெண் சுறாக்களின் கண்வில்லையிலுள்ள கரிமத்தை ஆராய்ந்து வயதைக் கணித்தனர். மிகப் பெரியதற்குக் குறைந்தபட்சக் கணக்கிலேயே 272 வயது! சுப்ஹானல்லாஹ், திப்பு சுல்தான் பிறப்பதற்கு முன்பே அது கடலில் நீந்திக்கொண்டிருந்திருக்கிறது. இதைவிட வியப்பு, பெண் சுறா தாய்மைப் பருவம் எய்தவே சுமார் 150 ஆண்டுகள் ஆகும் என்பது. ஈடர் வாத்துக்கோ இரண்டு மூன்று ஆண்டுகள் போதும்.

எது அழிவுக்கு எளிதில் இலக்காகும் என்று நீங்களே கணக்கிடுங்கள். வாத்து உயிரோடிருந்தால் ஆண்டுதோறும் வருவாய்; சுறாவோ செத்தால்தான் காசு. மனிதனின் இரக்கம் பெரும்பாலும் இலாபத்தின் பின்னால்தான் நடக்கிறது போலும்.

வடமேற்கு அட்லாண்டிக்கின் சர்வதேசக் கடற்பரப்பில் இச்சுறாவைப் பிடித்து வைத்துக்கொள்ளலாகாது என்று நாடுகள் உடன்பட்டது 2022இல்தான். வாத்துக்குச் சட்டம் வந்த 1847இல் பிறந்த ஒரு பெண் சுறாக்குட்டி, தூண்டில்களுக்கும் வலைகளுக்கும் தப்பியிருந்தால், 1990களின் இறுதியில்தான் முதன்முறையாகத் தாயாகும் பருவத்தை எட்டியிருக்கும்.