மாட்டுக்கு மனிதர் வலி மருந்து கொடுக்கலாமா?

கேள்வி: மழைக்குப் பிறகு எங்கள் கலப்பினப் பசு பின்னங்காலை ஊன்ற முடியாமல் நொண்டுகிறது. குளம்புக்கு மேல் வீக்கம் இருக்கிறது. என் மூட்டுவலிக்கு வாங்கிய டைக்ளோஃபினாக் மாத்திரை வீட்டில் உள்ளது. டாக்டர் வரும்வரை அதைக் கொடுக்கலாமா? இல்லை, மெடிக்கலில் ஊசி மருந்து வாங்கிப் போடலாமா?
- வாசகர், பூம்பாறை, கொடைக்கானல்.

பதில்: மாத்திரை, ஊசி இரண்டுமே கூடாது. கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் 2006-லேயே தடை செய்யப்பட்டுவிட்டது. மனிதர்களுக்கான ஊசி மருந்தை வாங்கி மாட்டுக்குப் போடுவது தொடர்ந்ததால், 2015-ல் பெரிய குப்பிகளும் நிறுத்தப்பட்டு, 3 மில்லி குப்பி மட்டுமே அனுமதிக்கப்பட்டது. 2023-ல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகியவையும், 2024 இறுதியில் நிமிசுலைடும் கால்நடைகளுக்குத் தடையாகின.

காரணம் பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகுகள். இந்த மருந்து போட்ட மாடு சில நாளில் இறந்து, அதைப் பாறு தின்றால், அதன் சிறுநீரகம் செயலிழந்துவிடும். யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளில் வெள்ளையாகப் படிந்து பறவை சாகும். இந்தியாவில் மூன்று பாறு இனங்கள் 95 சதவீதத்துக்கு மேல் அழிந்ததற்கு டைக்ளோஃபினாக்கே முக்கியக் காரணம். தமிழ்நாட்டில் நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியவை கூடு கட்டுகின்றன. 'எங்கள் மலையில் பாறு இல்லையே' என்று நினைக்க வேண்டாம். இரை தேடி ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேலும் பறக்கக் கூடிய பறவை அது.

மாட்டுக்கும் ஆபத்து உண்டு. அடிபட்ட இடத்தில் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை வலி மருந்துகள் தடுக்கின்றன. ஆனால் வயிற்றின் உட்சுவரைக் காப்பதும், சிறுநீரகத்துக்கு ரத்தம் போக உதவுவதும் அதே பொருள்தான். அளவு மீறினாலோ, கழிச்சலில் நீர்ச்சத்து வற்றிய மாட்டுக்குக் கொடுத்தாலோ, வயிற்றில் புண் வரும், சிறுநீரகமும் கெடும். இரண்டு வலி மருந்துகளைச் சேர்த்தோ, ஸ்டீராய்டு ஊசியுடன் சேர்த்தோ போட்டால் ஆபத்து இன்னும் அதிகம்.

மெலாக்சிகாம், டோல்ஃபெனமிக் ஆசிட் ஆகியவை பாறுகளுக்குப் பாதுகாப்பானவை என்று சோதித்து அறியப்பட்டவை. இவற்றையும் மாட்டின் எடை, சினை, நோய் ஆகியவற்றைப் பார்த்து கால்நடை மருத்துவரே போட வேண்டும். ஊசி போட்டபின் எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்பதையும் அவரிடம் கேட்டுக்கொள்ளவும்.

வலி மருந்து நோயைக் குணமாக்காது. வலி மறைந்ததும் மாடு புண்பட்ட காலை ஊன்றி நடக்கும். உள்ளே சீழ் பிடிப்பது தெரியாமல் போகும். டாக்டர் வருவதற்குள் குளம்பு இடுக்கில் கல், முள் சிக்கியிருக்கிறதா என்று பார்க்கவும். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை இளஞ்சிவப்பாகக் கரைத்த நீரில் கழுவி, சேறில்லாத உலர்ந்த தரையில் கட்டவும். வாயில் புண்ணும் எச்சில் ஒழுகலும் இருந்தால் கோமாரியாக இருக்கலாம். மற்ற மாடுகளிடமிருந்து உடனே பிரித்துவிடவும். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962-ஐ அழைக்கலாம். ஊசி போட்ட மாடு இறந்துவிட்டால் காட்டோரம் வீச வேண்டாம். ஆழமாகக் குழி வெட்டிப் புதைக்கவும்.

வீட்டில் இருக்கும் மாத்திரை பற்றியும் ஒரு வார்த்தை. வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுப்பது மனிதருக்கும் பொருந்தும். வெறும் வயிற்றில் போடக் கூடாது. ரத்த அழுத்தம், சர்க்கரை, வயிற்றுப்புண் உள்ளவர்கள் வேலை முடிந்த அலுப்புக்கு என்று தினமும் விழுங்கினால் சிறுநீரகம் சத்தமில்லாமல் பழுதாகும். மலம் தார்போல் கறுத்துப் போனாலோ, சிறுநீர் குறைந்தாலோ, கால் வீங்கினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.