பாட்டன் பெயரைக் கேட்கும் அரசு, தேடக் கற்றுத்தராத நூலகம்

குடும்ப வரலாறு தேடுவது பணி ஓய்வு பெற்றோரின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் இந்தியக் கல்விப்புலத்தில் நெடுநாளாக ஊறிக் கிடக்கிறது. வரலாற்றுத் துறைகள் அதை ஆய்வென்று ஏற்கத் தயங்குகின்றன. சமூகவியலாளர் பலர் அதைச் சாதிப் பெருமிதத்தின் மறுபெயராகவே காண்கின்றனர். பொது நூலகங்களை நடத்தும் அரசுத் துறைகளுக்கோ அது தமது பணி என்ற நினைவே எழுவதில்லை. தன் பாட்டன் இன்னார் என்று எந்த அலுவலகத்திலும் மெய்ப்பிக்க வேண்டிய நிலை வராதவர்களுக்கே இந்த அலட்சியம் கட்டுப்படியாகும். இந்நாட்டு எளிய மக்களுக்குக் குடும்ப வரலாறு என்பது குடியுரிமைக்கும் நிலத்துக்கும் இடஒதுக்கீட்டுக்கும் வாசற்படி.

அசாமில் உச்ச நீதிமன்றத்தின் மேற்பார்வையில் தேசியக் குடிமக்கள் பதிவேடு புதுப்பிக்கப்பட்டபோது 3 கோடிக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். 1951ஆம் ஆண்டின் பதிவேட்டிலோ, 1971 மார்ச் 24 நள்ளிரவு வரையிலான வாக்காளர் பட்டியல்களிலோ, ஏற்கப்பட்ட பிற பழைய ஆவணங்களிலோ தம் பெயரையோ தம் முன்னோர் ஒருவரின் பெயரையோ கண்டெடுத்துக் காட்ட வேண்டும். முன்னோர் பெயராயின் அவரிடமிருந்து தம்மை வந்தடையும் கால்வழியையும் மெய்ப்பிக்க வேண்டும். மணமாகி வேறூர் சென்ற பெண்களில் பலருக்குத் தந்தையோடு தம்மை இணைத்துக் காட்ட ஊராட்சிச் சான்றிதழ் ஒன்றே துணை. 2017 பிப்ரவரியில் குவாஹாட்டி உயர் நீதிமன்றம் அச்சான்றிதழை ஏற்க மறுத்தது. அதே ஆண்டு டிசம்பரில், முறையான சரிபார்ப்புக்கு உட்பட்டு, உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான இறுதிப் பட்டியலில் 19,06,657 பேருக்கு இடமில்லை. ஒரு மாநிலம் முழுவதும் ஒரே நேரத்தில் குடும்ப வரலாறு தேடியது. அச்சமே அதற்கு ஆசிரியராக இருந்தது.

அசாம் விதிவிலக்கு என்று தள்ளிவிட முடியாது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பழங்குடிப் பட்டியலில் இல்லாத பாரம்பரிய வனவாசிகளிடம், 2005 டிசம்பர் 13க்கு முன்பு மூன்று தலைமுறைகளாக அக்காட்டைச் சார்ந்து வாழ்ந்ததற்குச் சான்று கேட்கிறது. தலைமுறை ஒன்றுக்கு 25 ஆண்டு என்று சட்டமே கணக்கிட்டிருப்பதால், விண்ணப்பிப்பவர் 75 ஆண்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும். பழைய நில ஆவணங்களில் பெயர் காணப்படும் ஒருவரோடு தம்மை இணைக்கும் வம்சாவளியையும் அச்சட்டத்தின் விதிகள் சான்றாக ஏற்கின்றன. மராத்வாடாவில் 2023இல் குன்பி சான்றிதழ் கோரிக்கை எழுந்தபோது, ஓய்வுபெற்ற நீதிபதி சந்தீப் ஷிண்டே தலைமையில் ஒரு குழுவை அமைத்து நிஜாம் காலப் பதிவேடுகளை அரசு தேடவைத்தது. பெயர்கள் மோடி எழுத்திலும் உருதுவிலும் கிடந்தன. அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்களைத் தேடுவதே தனிப் பணியாயிற்று. 2025இல் பீகாரின் வாக்காளர் பட்டியல் திருத்தத்தின்போது, 2003ஆம் ஆண்டுப் பட்டியலில் தம் பெயரோ பெற்றோர் பெயரோ உண்டா என்று மக்கள் தேடினர். செங்கல்பட்டு ஆட்சியராயிருந்த டிரமென்ஹீரின் 1891 அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வழிபிறந்த பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதி இன்று பிறர் கையில் இருக்கிறது. அதை மீட்க முனையும் தலித் குடும்பம், முதலில் ஒப்படை பெற்றவர் யார், அவருக்கும் தனக்கும் என்ன உறவு என்பதைப் பழைய பதிவேடுகளிலிருந்தே காட்ட வேண்டியிருக்கிறது.

இவை அனைத்திலும் அரசு ஒரு திறனை எதிர்பார்க்கிறது: பழைய ஆவணம் எங்கிருக்கிறது என்று அறிதல், அதைப் படித்தல், இரு ஆவணங்களில் வரும் பெயர்கள் ஒரே ஆளுடையவைதாம் என்று நிறுவுதல். முனைவர் பட்ட மாணவருக்கே ஓராண்டுப் பயிற்சி தேவைப்படும் திறன் இது. அதைக் குறுகிய கெடுவுக்குள் கூலித் தொழிலாளியிடம் எதிர்பார்க்கும் அரசு, அதைக் கற்பதற்கு ஓரிடத்தைக்கூட ஏற்படுத்தவில்லை. அந்த வெற்றிடத்தில் இடைத்தரகர் கடை விரிப்பதில் வியப்பில்லை.

அந்த இடம் பொது நூலகமே. அமெரிக்காவில் இது எப்போதோ நடந்துவிட்டது. இந்தியானா மாநிலத்தின் ஃபோர்ட் வெய்ன் நகரில் உள்ள ஆலன் கவுண்டி பொது நூலகம் வம்சாவளி ஆய்வுக்கென்றே ஒரு மையத்தை நடத்துகிறது. நியூயார்க் பொது நூலகத்தில் அதற்கெனத் தனிப் பிரிவு உண்டு. கட்டணத் தரவுத்தளங்களை நூலகத்துக்குள் இலவசமாகப் பார்க்கலாம். தொடக்க நிலை வகுப்புகளும் நடக்கின்றன. 72 ஆண்டுகள் கழிந்ததும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுவாரித் தாள்கள் அங்கே பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. 1950ஆம் ஆண்டின் தாள்கள் 2022 ஏப்ரலில் திறக்கப்பட்டன. இந்தியாவிலோ 1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம், தன் 15ஆம் பிரிவில், அத்தாள்களைப் பார்வையிடவும் சான்றாக முன்வைக்கவும் தடை விதிக்கிறது. ஒரு வாசல் சட்டத்தாலேயே மூடியிருக்கும் நாட்டில் ஏனைய வாசல்களைக் காட்டிக்கொடுக்கும் ஆசிரியரின் தேவை கூடுமே ஒழியக் குறையாது.

வரலாறு உடைய குடும்பங்களுக்கே ஆவணம் இருக்கும், உழைக்கும் மக்களுக்கு எதுவும் மிஞ்சியிராது என்பார் உண்டு. கறுப்பின அமெரிக்கர்களின் அனுபவம் இதற்கு விடை. 1850, 1860 ஆகிய ஆண்டுகளின் அடிமைப் பட்டியல்களில் உடைமையாளர் பெயர் இருந்தது. அடிமைகளுக்குப் பெரும்பாலும் வயதும் பாலினமும் நிறமும் மட்டுமே. 1870இன் கணக்கெடுப்பில்தான் அவர்களில் பெரும்பாலோர் முதன்முறையாகப் பெயரோடு தோன்றினர். அலெக்ஸ் ஹேலியின் 'ரூட்ஸ்' 1976இல் வெளிவந்தபின் வம்சாவளி தேடுவோர் தொகை பெருகியது. உயில், விற்பனைப் பத்திரம், விடுவிக்கப்பட்டோர் நலத்துறைக் கோப்புகள் என உடைமையாளர் எழுதிவைத்த தாள்களிலிருந்தே உடைமையாக்கப்பட்டவரின் பெயரை மீட்கும் முறை இன்று அங்கே வகுப்பறைப் பாடம். ஆவணம் குறைவு என்பது கற்பிக்காமலிருக்கக் காரணமாகாது.

இந்தியாவின் பதிவுகளிலும் இந்த ஏற்றத்தாழ்வு அப்பட்டமானது. ஹரித்வாரின் பண்டாக்கள் வழிவழியாகக் காத்துவரும் பஹி ஏடுகளில் இடம்பெற, அங்கு வந்து சடங்கு செய்யும் வசதி வேண்டும். சென்னை மாகாணத்துத் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன; இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் அவற்றில் பெரும்பாலானவை ஐரோப்பியரையும் கலப்பினத்தாரையும் பற்றியவை. ஆகவே பரங்கிமலையில் பணிபுரிந்த ஆங்கிலச் சிப்பாயின் எள்ளுப்பேரன் தன் முன்னோரை வீட்டிலிருந்தபடியே தேடலாம். அச்சிப்பாய்க்குத் தண்ணீர் சுமந்தவரின் எள்ளுப்பேரனுக்கு எங்கே தொடங்குவது என்று சொல்லக்கூட ஆளில்லை. கடல் கடந்தவர்களுக்கும் ஓரளவு தடம் உண்டு. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் முதல் 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற ஏறத்தாழ 1,52,000 ஒப்பந்தத் தொழிலாளரின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர் ஆகியவை கப்பல் பட்டியல்களில் பதிவாயின. மொரீஷியஸின் குடியேற்ற ஆவணங்களை அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனம் காத்து, வழித்தோன்றல்களுக்குத் தேடித் தருகிறது. ஏழாம் தலைமுறை மொரீஷியஸ் இந்திய வம்சாவளியினருக்கும் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை கிடைக்கும் என்று 2024 மார்ச்சில் குடியரசுத் தலைவர் அறிவித்தார். கப்பலேறியவரின் ஏழாம் தலைமுறையை வரவேற்கும் அரசு, ஊரிலேயே தங்கிவிட்ட தம்பியின் மூன்றாம் தலைமுறையிடம் சான்று கேட்டு அலைக்கழிக்கிறது.

ஆவணங்களை மின்னுருவாக்கி இணையத்தில் ஏற்றினால் போதும் என்று கருதுவோர் பெயர் என்ற ஒன்றின் இயல்பை மறக்கின்றனர். தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளம் பயனுள்ளது; ஆனால் தேடுபெட்டியில் எந்த எழுத்துக்கூட்டலை இடுவது என்று அது கற்றுத்தராது. நேட்டாலில் கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார். முனிசாமி 'மூன்சாமி' ஆனார். தலைமுறைதோறும் மாறவேண்டிய தந்தை பெயர் அங்கே குடும்பப் பெயராக உறைந்துபோனது. தமிழ்நாட்டிலோ தந்தையின் பெயர் ஒற்றை முதலெழுத்துக்குள் ஒடுங்கிவிடுகிறது. அந்த எழுத்து ஊரைக் குறிக்கிறதா தந்தையைக் குறிக்கிறதா என்பதும் காலத்துக்குக் காலம் மாறுகிறது. பெண்ணுக்குத் திருமணத்தோடு முதலெழுத்தே மாறிவிடக்கூடும். பழைய நிலக் கணக்குகளில் புள்ளியிடாத மெய்களும், மா, காணி, முந்திரி என்ற பின்னக் குறிகளும் வருகின்றன. தஞ்சை மராட்டியர் ஆவணங்கள் மோடி எழுத்தில் இருக்கின்றன. ரயத்துவாரிப் பதிவேட்டில் பட்டாதாரர் தெரிவார், அந்நிலத்தில் உழைத்தவர் தெரியமாட்டார். இவற்றைக் கணினி தானாகச் சொல்லித்தராது. தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து சொல்லித்தர வேண்டும். நூலகத்தில் வகுப்பு என்ற கோரிக்கையின் பொருள் அதுவே.

சாதிப் பெருமிதத்தை இது வளர்க்கும் என்ற எதிர்வாதம் கனமானது; அதை எளிதில் தட்டிக்கழிக்கக் கூடாது. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ரிஸ்லி சாதிகளைச் சமூக மதிப்பின்படி வரிசைப்படுத்த முற்பட்டதும் மனுக்கள் குவிந்தன. ஒவ்வொரு சாதிச் சங்கமும் தனக்கென ஒரு சத்திரிய வம்சத்தைப் புனைந்து துண்டுநூல் வெளியிட்டது. அந்த மரபு இன்றும் காணொளிகளாகத் தழைக்கிறது. ஆயினும் அத்தகைய புனைவு செழித்ததற்குக் காரணம் குடும்ப வரலாற்று முறை பரவியதன்று. அது சாதிச் சங்கங்களின் தனியுடைமையாக விடப்பட்டதே. சாதிப் புராணம் மேலிருந்து கீழே வருகிறது: ஒரு மன்னனில் தொடங்கி, இடையிலுள்ள நூற்றாண்டுகளைத் தாண்டி, சொல்பவனிடம் முடிகிறது. குடும்ப வரலாற்று முறையோ கீழிருந்து மேலே செல்கிறது: சொல்பவரில் தொடங்கி, ஒவ்வொரு படிக்கும் ஓர் ஆவணம் கேட்டு, ஆவணம் தீருமிடத்தில் நின்றுவிடுகிறது. அவ்வாறு நிற்கக் கற்றவர், மன்னனின் வழிவந்தவன் என்று மேடையில் முழங்குபவரிடம் அடுத்த கேள்வியைக் கேட்பார்.

இன்னொரு தயக்கமும் உண்டு. பழைய பதிவேடுகளில் ஒடுக்கப்பட்டோரின் பெயர்களோடு இழிசொற்களும் எழுதப்பட்டிருக்கின்றன. தன் பாட்டியின் பெயரருகே அப்படியொரு சொல்லைக் காண்பது காயம். உயிரோடிருப்போரின் விவரங்கள் தவறான கைக்குச் செல்லும் இடரும் மெய்யானது. இவ்விரண்டும் வகுப்பின் தேவையையே உறுதிப்படுத்துகின்றன. எதைப் பகிரலாம், எதைப் பகிரலாகாது, பதிவாளரின் சொல்லுக்குப் பின்னால் இருந்த அதிகாரம் எது என்று விளக்க ஒருவர் உடனிருக்கும் அறையில் அச்சொல்லைச் சந்திப்பது, தரகர் நீட்டும் நகலில் தனியே சந்திப்பதைவிட மேல்.

நூலகங்களுக்கு வலுவில்லை என்பதும் ஏற்கத்தக்கதன்று. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னையில் இயற்றப்பட்டது, எஸ். ஆர். ரங்கநாதனின் உழைப்பு அதன் பின்னணியில் இருந்தது. தமிழ்நாட்டில் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் இன்றளவும் வசூலாகிறது. 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம், 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டத்தின்கீழ் நாடெங்கும் அச்சாகும் நூல்களைப் பெறும் நான்கு நூலகங்களுள் ஒன்று. டெல்லி பொது நூலகம் யுனெஸ்கோவின் துணையோடு 1951இல் தொடங்கப்பட்டது. கட்டடமும் வரியும் சட்டமும் இருக்கின்றன. இருந்தும் பல நகரங்களில் பொது நூலகம் இன்று போட்டித் தேர்வு எழுதுவோரின் படிப்பறையாகச் சுருங்கிவிட்டது. அந்த இளைஞர்களுக்கு அவ்விடம் தேவைதான். அவர்களோடு சேர்த்து அவர்களின் பெற்றோருக்கும் அங்கே ஒரு மேசை தேவை.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. மாவட்ட மைய நூலகம் ஒவ்வொன்றிலும் வாரம் ஒருநாள் மாலை வகுப்பு. அம்மாவட்டத்தின் பதிவேடுகள் எந்தெந்த அலுவலகத்தில், எந்த ஆண்டு முதல் இருக்கின்றன என்று கூறும் ஒரு கைந்நூல். பழைய வாக்காளர் பட்டியல்கள், மாவட்ட விவரச் சுவடிகள், நில அளவை அறிக்கைகள் ஆகியவற்றின் படிகள். முதியோரின் வாய்மொழியைப் பதிந்து, நாளும் இடமும் குறித்து, சான்றாகும் வடிவில் எழுதும் பயிற்சி. வகுப்பின் முதல் பாடம் தாய்வழியிலிருந்து தொடங்கட்டும். ஆவணங்கள் மறந்தவர்களை நினைவிலிருந்து முதலில் எழுதிக்கொள்வதே முறை.

எஞ்சியது பல்கலைக்கழகங்களின் பொறுப்பு. பல ஆவணக் காப்பகங்களில் உள்ளே செல்வதற்கே ஒரு கல்வி நிறுவனத்தின் அறிமுகக் கடிதம் வேண்டும். ஆய்வாளருக்கு எளிதில் கிட்டும் அந்தக் கடிதம், பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடும் மூதாட்டிக்குக் கிட்டுவதில்லை. அவர் தேடுவதோ எந்த ஆய்வேட்டையும்விட உயிர்ப்பான கேள்விக்கு விடை. கல்வெட்டியல், மொழியியல், வரலாறு, நூலகவியல் ஆகிய துறைகளின் ஆய்வு மாணவர்கள் மாதம் இரு மாலைகளை மாவட்ட நூலகத்தில் கழிப்பதைப் பட்டப் பணியின் பகுதியாக ஏற்கலாம். விளிம்புநிலை வரலாறு என்று நூல் எழுதும் துறைகள், விளிம்பில் இருப்பவர் தம் வரலாற்றைத் தாமே எழுதக் கற்பதைக் கீழான பணி என்று கருதும்வரை, அந்நூல்களில் பேசப்படும் மக்களின் பெயர்கள் மேற்கோளாக மட்டுமே எஞ்சும். அரசு அடுத்த முறை பாட்டன் பெயரைக் கேட்கத்தான் போகிறது. அந்த அறிவிப்பு வரும் நாளில், பக்கத்து நூலகத்தில் அதற்கான வகுப்பு முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.