நெடுந்தீவைக் காணச் செல்வோர்

இலங்கையைக் காண வருவோரிற் பெரும்பாலார் கண்டு செல்வது தென்மேற்குக் கரையின் மணலையே. 1966ஆம் ஆண்டில் உல்லாசப் பயணச் சபை அமைக்கப்பட்ட பின்னர் பென்தோட்டையிலும் ஹிக்கடுவையிலும் எழுந்த விடுதிகளே அவர்களுக்கு இலங்கையாயின. இப்பொழுது அவருட் சிலர் அக்கரையை விட்டு வடக்கே வருகின்றனர், நெடுந்தீவுக்கும் செல்கின்றனர். இதனை நான் வரவேற்கிறேன். ஆயின் அவர்கள் தீவைக் காணும் முறையும், எம்மவர் அதனைக் காட்டும் முறையும் எனக்கு உடன்பாடல்ல.

குறிகட்டுவானிற் காலைப் படகேறி, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மாவிலித்துறையில் இறங்குவர். கோட்டைச் சிதைவு, பெருக்கமரம், கட்டாக்காலிக் குதிரைகள் ஆகிய மூன்றையும் படம் பிடித்துக்கொண்டு பிற்பகற் படகில் மீள்வர். சாந்தின்றிப் பவளக்கல்லை அடுக்கி எழுப்பிய வேலிகளுக்கு இடையே வண்டி ஓடும். வேலிக்கு அப்பால் இருப்பவரோடு ஒரு சொல்லும் பேசார். பென்தோட்டையில் விடுதி வாயிலைத் தாண்டாதவர் இவரினும் குறைவாகக் கண்டார் என்று நான் கொள்ளேன்.

தீவின் பெயரையும் அவர்கள் அறியார். ஒல்லாந்தர் தம் நாட்டு நகரப் பெயர்களைத் தீவகம் எங்கும் சூட்டினர். காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று. வேலணை லெய்டன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. அவையெல்லாம் வழக்கொழிந்தன. நெடுந்தீவுக்கு இட்ட டெல்ஃப்ட் என்னும் பெயர் மாத்திரம் ஒழியவில்லை. எம் மாணவரும் அதனைச் சொல்லக் கேட்கிறேன்.

மட்டக்களப்புப் பகுதிக் கண்ணகி கோயில்களிற் படிக்கப்படும் கண்ணகி வழக்குரையிலே, கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடிக் கப்பலேறுகிறான் மீகாமன். அவனை எதிர்த்துப் பொருதுபவன் வெடியரசன். இளங்கோவடிகள் சொல்லாத கதை இது. நெடுந்தீவின் மேற்குப் பக்கத்திலுள்ள கற்சிதைவொன்றை ஊரவர் வெடியரசன் கோட்டை என்பர். தொல்லியலார் அதனைப் பழைய பௌத்தத் தூபிகளின் எச்சமாகக் கொள்வர். இரு கூற்றையும் ஒருங்கு வைத்து அவ்விடத்திலேயே ஒரு பாடம் நடத்தலாம். கீழ்க்கரைக் கோயிற் பாட்டுக்கும் வடகடல் தீவின் கல்லுக்கும் உள்ள உறவை வகுப்பறையிற் காட்டுதல் அரிது.

குறிகட்டுவானிலிருந்தே நயினாதீவுக்கும் படகு செல்லும். அங்கே நாகபூஷணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு உள்ளது. பிறநாட்டவர் ஊராத்துறையிலே வந்திறங்கவேண்டும், அவர்கள் காக்கப்படவேண்டும் என்கிறது அது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தாற் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு; வேறு பண்டம் ஏற்றியது உடைந்தாற் செம்பாதி. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட வேந்தன் இவ்விதியைத் தமிழிற் பொறிப்பித்தான். நெடுந்தீவுக் குதிரைகள் பின்வந்த ஐரோப்பியர் காலத்தன. ஆயினும் அவற்றைக் காணச் செல்வோர் இக்கல்லையும் கண்டு செல்வாராயின் குதிரை இக்கடலுக்குப் புதிதன்று என்பதை உணர்வர்.

இனி, நெடுந்தீவிலும் பெரிய விடுதிகள் எழவேண்டும் என்பார்க்கு ஒன்று கூறுவேன். அது சுண்ணக்கற் பாறையாலான தீவு, ஆறில்லை. மழைநீர் கல்லினூடாக இறங்கி, உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்பதே அங்குள்ள நன்னீர். மிகுதியாக இறைத்தாற் கீழுள்ள உவர் மேலேறும். நல்ல கிணறுகளும் தீவெங்கும் இல்லை. நீச்சற் குளமும் புற்றரையும் வைத்த விடுதி எவருடைய கிணற்றை நம்பி எழும்? வருவோர் ஓரிரவேனும் தங்குவது நன்றே. ஊரவர் வீடுகளில் அறை பெற்று, அவர் முகந்து தரும் நீரளவில் நீராடித் தங்கலாம். கூலியும் ஊருக்கே சேரும்.

படகைப் பற்றியும் சொல்லவேண்டும். தீவாருக்கு அது வைத்தியசாலைக்கும் கந்தோருக்கும் சந்தைக்கும் செல்லும் வழி. அவ்வழியிலேதான் 1985 மே 15ஆம் நாள் குமுதினிப் படகிற் சென்றோருள் பலர் நடுக்கடலிற் கொல்லப்பட்டனர். மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இதனைப் புறப்படுமுன்னரே சொல்லிவைத்தல் வேண்டும். விடுமுறை நாளிற் பெருங்கூட்டமாகச் சென்று இருக்கைகளை நிரப்பிக்கொள்ளாது, பள்ளிக்கூடங்கள் தனிப்படகு அமர்த்துவது தகும். அதற்குப் பணம் இல்லையாயின், நோயாளரும் முதியோரும் பொதிசுமந்தோரும் ஏறும்வரை எங்கள் பிள்ளைகள் துறையிலே நிற்கட்டும்.