பாய்லர் செஞ்சவரே அதுக்குக் கையெழுத்து போடக்கூடாது

உள்ளங்கை அளவு நீராவி இன்ஜின் ஓடுற வீடியோக்களைப் பார்த்துட்டு, "நாமளும் செய்யலாமா டாக்டர்?" என்று சில தம்பிகள் கேட்டிருக்காங்க. தாராளமா செய்யுங்க. ஆனா அந்தப் பொழுதுபோக்கை எடுத்துக்கும்போது அதோட கட்டுப்பாட்டையும் சேர்த்து எடுத்துக்கோங்க. அதுக்குத்தான் இந்த இழை.

1) இங்கிலாந்தில் இதற்குப் பெயர் மாடல் இன்ஜினியரிங். 1898-ல் பெர்சிவல் மார்ஷல் இதற்காகவே 'மாடல் இன்ஜினியர்' இதழைத் தொடங்கினார். அங்கே பலரும் முதலில் செய்து பழகுவது ஸ்டூவர்ட் 10வி. சிலிண்டரின் உள்விட்டம் முக்கால் அங்குலம், பிஸ்டன் நகரும் தூரமும் முக்கால் அங்குலம். வார்ப்புகளை வாங்கி, வீட்டு லேத்தில் கடைந்து நாமே பொருத்தணும்.

2) முதல் ஆபத்து லேத். பாதுகாப்புன்னா கிளவுஸ்னு நினைப்போம். சுத்துற லேத் முன்னாடி கிளவுஸ்தான் எமன். நுனி சிக்கினாலும் கையை உள்ளே இழுத்துடும். தோல் உறை மாதிரி உரிஞ்சு வர்ற அந்தக் காயத்துக்கு மருத்துவத்தில் பெயரே 'டீகிளவிங்'. தொங்கும் முழுக்கை, கையில் கயிறு, கழுத்தில் செயின் எதுவும் வேண்டாம். சக் சாவியை சக்கிலேயே விட்டுட்டு சுவிட்ச் போடாதீங்க. சீவல் சுருளை விரலால் இழுக்காதீங்க. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

3) அடுத்தது பாய்லர். சாதாரண காற்றழுத்தத்தில் தண்ணீர் ஆவியானா சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். அழுத்தத்தில் இருக்கும் பாய்லருக்குள்ள தண்ணீர் 100 டிகிரிக்கு மேல சூடா இருக்கும். உடைஞ்சா அதில் ஒரு பங்கு அந்த நொடியே ஆவியாகிச் சீறும். ஈயப்பற்று வெச்சு ஒட்டின தகர டப்பா இதைத் தாங்காது. அந்தப் பற்று 200 டிகிரிக்குள்ளேயே உருகிடும்.

4) அதனால் அங்குள்ள கிளப்களில் புது பாய்லரை முதலில் நெருப்பில் வைக்க மாட்டாங்க. காற்றே இல்லாம குளிர்ந்த தண்ணீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு அழுத்திப் பார்ப்பாங்க. தண்ணீர் அழுத்தத்தில் சுருங்காது. விரிசல் விட்டாலும் கசியுமே தவிர வெடிக்காது.

5) எனக்கு ரொம்பப் பிடிச்சது அடுத்த விதிதான். செய்தவர் நாற்பது வருஷ அனுபவசாலியா இருந்தாலும், தன் பாய்லருக்குத் தானே சான்று கொடுக்க முடியாது. இன்னொருவர் சோதிச்சுக் கையெழுத்து போடணும். ஆபரேஷன் தியேட்டரில் பஞ்சை ரெண்டு பேர் எண்ணுவதும் இதனால்தான். செய்தவர் கண்ணுக்குத் தன் தவறு தெரியாது.

6) "இத்தனூண்டு பாய்லருக்கு இவ்வளவு கெடுபிடியா?"ன்னு கேட்பீங்க. சின்னதுதாங்க. ஆனா அது இருக்கிறது உங்க மேசை மேல, உங்க முகத்துக்கு ஒரு முழம் தள்ளி. பக்கத்தில் நின்னு எட்டிப் பார்க்கிறது உங்க பிள்ளை.

7) சோதிச்சுச் சொல்ல ஆள் கிடைக்கலையா? பாய்லரே வேண்டாம். சின்ன கம்ப்ரஸர் காற்றிலேயே அந்த இன்ஜின் அழகா ஓடும். கடைசல் கத்துக்கலாம், வால்வு எப்போ திறக்குது, எப்போ மூடுதுன்னு கண்ணால பார்க்கலாம். அந்த சந்தோஷத்தில் ஒரு துளியும் குறையாது.

லேத் வெச்சிருக்கிற நண்பர் யாராவது இருந்தா இதை அனுப்புங்க. இரண்டாவது பாயின்ட்டுக்காகவாவது.