வடக்கே தலை வைத்தால் இரத்தம் வடக்கே ஓடுமா?

தோழர்களே! "வடக்கே தலை வைத்துப் படுக்காதே" என்று நம் வீட்டுக் குழந்தைகளுக்குப் பேச்சு வரும் முன்பே சொல்லி வைத்துவிடுகிறோம். ஏன் என்று கேட்டால் முன்பெல்லாம் ஒரு கதை சொல்லுவார்கள். பிள்ளையாருக்குத் தலை போய்விட்டதாம். பூதகணங்கள் வேறு தலை தேடிப் புறப்பட்டனவாம். வடக்கே தலை வைத்துப் படுத்திருந்த ஓர் ஆனை அகப்பட்டதாம். அதன் தலையை வெட்டிக் கொண்டுவந்து ஒட்டினார்களாம். அந்தக் கதையை இன்று சொன்னால் பள்ளிக்கூடத்துப் பையன்கூடச் சிரிக்கிறான். ஆகவே கதையை மாற்றிக்கொண்டார்கள். "பூமி ஒரு காந்தம், இரத்தத்தில் இரும்பு இருக்கிறது, வடக்கே தலை வைத்தால் காந்தமானது இரத்தத்தை மூளைக்கு இழுத்துவிடும், இதை நம் முன்னோர்கள் அன்றே கண்டுபிடித்தார்கள்" என்று இப்பொழுது சொல்லுகிறார்கள். நேற்றுவரை இந்த வழக்கத்துக்குப் புராணம் காவல் நின்றது. இன்று காந்தம் காவல் நிற்கிறது. காவலாள் மாறினானே ஒழியக் காவல் மாறவில்லை.

இது வெறும் படுக்கைச் சங்கதியாக மட்டும் இருந்தால் நாம் இவ்வளவு மையைச் செலவழிக்க மாட்டோம். இதே பொய் நம் தியாகதுருகம் கடைத்தெருவில் காசாகிக்கொண்டிருக்கிறது. காந்தக் காப்பு, காந்த வளையல், காந்தச் செருப்பு, காந்த மெத்தை என்று பல உருவத்தில் வருகிறது. காலில் கட்டினால் இரத்த ஓட்டம் பெருகுமாம்; மரத்துப்போன கால் உயிர் பெறுமாம்; சர்க்கரை வியாதி இறங்குமாம். தாயத்துக்கு மந்திரம் வேண்டியிருந்தது. இதற்கு "விஞ்ஞானம்" என்ற ஒரு சொல்லே போதுமானதாயிருக்கிறது.

நமக்குத் தெரிந்த கரும்பு வெட்டும் தொழிலாளி ஒருவர். சர்க்கரை வியாதிக்காரர். நாலு எட்டு நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், நின்றால் விடும். கால் விரலில் ஒரு புண். எவனோ விற்ற காந்தக் காப்பை வாங்கிக் கட்டிக்கொண்டு, "இரத்தம் வந்துகொண்டே இருக்கிறது, ஆறிவிடும்" என்று நாலு மாதம் இருந்தார். விரல் கறுத்தது. பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். விரலோடு போயிருக்க வேண்டியது முழங்காலுக்குக் கீழே முழுவதும் போயிற்று. "நம்பினால் நம்பிவிட்டுப் போகட்டும், என்ன நஷ்டம்?" என்று கேட்கிற பெரிய மனிதர்களுக்கு இதுதான் பதில். நஷ்டம் ஒரு கால்.

சரி, இவர்கள் சொல்லும் காரணத்தையே எடுத்துப் பார்ப்போம். இரத்தத்தில் இரும்பு இருப்பது மெய். ஆனால் அது ஆணியைப் போலவோ அரத்தூளைப் போலவோ கிடக்கும் இரும்பல்ல. சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின் என்ற பொருளோடு பின்னிப் பிணைந்து கிடக்கிறது. அப்படிப் பிணைந்த இரும்பு ஆணி இரும்பின் குணத்தைக் காட்டாது. 1936-இல் அமெரிக்காவில் லைனஸ் பாலிங், கோரியெல் என்ற இருவர் இதைச் சோதித்தார்கள். பிராணவாயு ஏறிய இரத்தம் காந்தத்தால் இழுக்கப்படுவதில்லை, மிக மிகச் சிறிதளவு தள்ளப்படவே செய்கிறது என்று கண்டார்கள். பிராணவாயுவை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் சிறிது இழுக்கப்படுகிறது. அந்த இழுப்போ இரத்த ஓட்டத்தை அசைக்கப் போதாத அற்பம். ஆகவே "இரும்பு இருக்கிறது, அதனால் இழுக்கும்" என்ற வாதம் முதல் படியிலேயே கால் ஒடிந்து விழுகிறது.

இதற்கும் மேலே ஒரு சாட்சி இருக்கிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் இயந்திரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் காந்த பலம் சாதாரணமாக 1.5 டெஸ்லா. நம் பக்கத்தில் பூமியின் காந்த பலமோ சுமார் 0.00004 டெஸ்லா. அதாவது இயந்திரம் பூமியைவிட முப்பதாயிரம் மடங்குக்கும் மேலே பலமுள்ளது. குழாய் வடிவமான அந்த இயந்திரத்தில் காந்தத்தின் திசை தலைக்கும் காலுக்கும் நேராகவே ஓடுகிறது. ஆகவே அதற்குள் படுக்கிற ஒவ்வொருவரும் முப்பதாயிரம் பூமிகளுக்கு நடுவே துருவத்துக்குத் தலை வைத்து அரைமணி நேரம் படுத்து எழுந்து வருகிறார்! எத்தனை பேருக்கு இரத்தம் மூளைக்கு ஏறிற்று? மெய்யான இரும்பை அந்தக் காந்தம் என்ன செய்யும் என்பதும் தெரிந்ததே. 2018 ஜனவரியில் மும்பையில் ஓர் ஆஸ்பத்திரியில் பிராணவாயு உருளையோடு அந்த அறைக்குள் போன ஒருவர் உருளையோடு இழுக்கப்பட்டு உயிரிழந்தார். அதனால்தான் உடம்பில் இரும்புத் துண்டோ இருதயக் கருவியோ உண்டா என்று விசாரித்த பிறகே உள்ளே விடுகிறார்கள். உருளை பறக்கிறது, இரத்தம் தன் வழியே ஓடிக்கொண்டிருக்கிறது. இதற்குப் பிறகும் பூமிக் காந்தம் இரத்தத்தை இழுக்கும் என்பவர்களை என்னவென்று சொல்வது?

நிற்க. "அப்படியானால் காந்தத்துக்கும் இரத்த ஓட்டத்துக்கும் யாதொரு சம்பந்தமுமில்லையா?" என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு. அது காப்பு விற்கிறவனுக்குத் தெரியாத சம்பந்தம்.

தண்ணீரில் ஹைடிரஜன் என்ற அணு இருக்கிறது. அதன் கரு ஒரு சிறு பம்பரக் காந்தம் போன்றது. பலமான காந்தத்தின் நடுவே வைத்தால் அக்கருக்களில் பாதிக்குச் சற்றே அதிகமானவை காந்தத்தின் திசையிலேயே நிற்கும். அப்பொழுது தக்க ரேடியோ அலையால் தட்டினால் அவை பதில் கொடுக்கும். தட்டிக்கொண்டே இருந்தால் ஓய்ந்துபோகும்; பதில் மங்கும். ஆனால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? நடவு வயலில் களைத்த ஆட்கள் கரையேறப் புது ஆட்கள் இறங்குவதுபோல, ஓய்ந்த கருக்கள் நகர்ந்து போகப் புதிய கருக்கள் வந்துகொண்டிருக்கும், பதிலும் பலமாகும். பதிலின் பலத்தைக் கொண்டு ஓட்டத்தை அறியலாம். ஓடும் திரவத்தில் இந்த விளைவை 1951-இலேயே ஆராய்ந்து எழுதியவர் சீமையில் இருந்தவர் அல்ல. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் இருந்த ஜி. சூர்யன். இந்த வழியில் 1959-இல் அமெரிக்காவில் ஜே. ஆர். சிங்கர் என்பவர் சுண்டெலியின் வாலில் ஓடும் இரத்தத்தை, வாலைக் கீறாமலே அளந்தார். அதன் பிறகு மில்வாக்கி நகரத்தில் பேட்டோக்லெட்டி முதலானோர் மனிதனின் கையையும் காலையும் காந்தத்துக்குள் நுழைத்து, ஊசி குத்தாமல், கத்தி வைக்காமல், இரத்த ஓட்டத்தை அளக்கும் கருவியே செய்தார்கள். அந்தத் தனிக் கருவி ஊர் ஊராகப் பரவவில்லை. ஆனால் ஓட்டத்தைக் கருக்களின் பதிலால் அறியும் அந்தத் தத்துவம், இன்று எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் கால் இரத்தக் குழாய் எங்கே அடைத்திருக்கிறது என்று படம் எடுக்க உதவுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தக் கருவி இரத்தத்திலுள்ள இரும்பைத் தேடவே இல்லை. இரத்தத்தின் பெரும்பகுதியான தண்ணீரைத்தான் விசாரிக்கிறது. இரும்பு, இரும்பு என்று இவர்கள் கூவுவதற்கும் விஞ்ஞானி செய்வதற்கும் இவ்வளவுதான் உறவு! இன்னொன்று: காந்தம் அங்கே ஓட்டத்தை அளக்கிறது, ஓட்டத்தை உண்டாக்கவில்லை. தராசு அரிசியை நிறுக்கிறது என்பதற்காகத் தராசை வயிற்றில் கட்டிக்கொண்டால் பசி தீருமா? "ஆஸ்பத்திரியிலும் காந்தம், என் காப்பிலும் காந்தம்" என்கிறவனை, "உன் காப்பு கட்டும் முன் ஓட்டம் எவ்வளவு? கட்டிய பின் எவ்வளவு? அளந்த கணக்கைக் காட்டு" என்று கேளுங்கள். விஞ்ஞானி முதலில் அளக்கிறான், பிறகு பேசுகிறான். இவன் முதலில் பேசுகிறான், பிறகு பணம் வாங்குகிறான், அளப்பதே இல்லை.

இந்தப் பித்தலாட்டத்துக்குச் சட்டமும் இடங்கொடுக்கவில்லை. சர்க்கரை வியாதி முதலிய பல நோய்களைத் தாயத்தும் மந்திரமும் கவசமும் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருஷத்து மந்திர நிவாரண விளம்பரத் தடைச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. சட்டம் ஏட்டில் தூங்குவதற்குக் காரணம் நாம் கேட்காததுதான்.

தோழர்களே! பெரிய இயந்திரத்தைத் தேடி எல்லோரும் ஓட வேண்டியதில்லை. நடந்தால் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விடுகிறதா? ஒரு கால் மட்டும் சில்லிட்டிருக்கிறதா? கால் புண் இரண்டு வாரமாகியும் ஆறவில்லையா? உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சர்க்கரை வியாதிக்காரருக்குப் புண் என்றால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. புறங்காலில் நாடி பார்க்கச் சொல்லுங்கள். கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்க்கும் சுலபமான சோதனை ஒன்று உண்டு, 0.9-க்குக் குறைந்தால் கால் குழாயில் அடைப்பு என்று சந்தேகிக்க வேண்டும். பீடி, சுருட்டு, புகையிலையை விடுங்கள். அவை கால் குழாய்களுக்குப் பெரும் பகை. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் தோழர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். காப்பு விற்கிறவன் அவர்களிடம் முந்திக்கொண்டு போய்விடுகிறான்.

இன்று இரவு உங்கள் வீட்டில் எந்தப் பக்கம் காற்று வருகிறதோ அந்தப் பக்கம் தலை வைத்துப் படுங்கள். அது வடக்காயிருந்தால் வடக்கே படுங்கள். காலையில் எழுந்து, "ஏன் ஒன்றும் ஆகவில்லை?" என்று உங்களுக்குச் சொன்னவரையே போய்க் கேளுங்கள். கேட்கத் தொடங்குகிறவன் காலில் எவனும் காந்தம் கட்ட முடியாது.