போனுக்குள் ஒரு கங்காணி



சில வாரங்களுக்கு முன் தம்பானூர் ரயில் நிலையத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். விழுப்புரம் பக்கத்துக்காரர் ஒருவர். இங்கே சாலைச் சந்தையில் மூட்டை சுமப்பவர். நம் சங்க உறுப்பினர். ஊரில் தாயார் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று சேதி வந்தது. மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு மறுநாள் அனந்தபுரி எக்ஸ்பிரசில் போக, தத்கல் சீட்டுக்காக விடியற்காலையிலிருந்தே வரிசையில் நின்றார். காலை 11 மணி. கவுண்டரில் பாரத்தை நீட்டினார். "போனுக்கு ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்கள்" என்றார்கள். அவர் போனை எடுத்துக் காட்டினார். திரையில் ஒரே ஒரு வாசகம்: தவணை பாக்கி, கட்டினால்தான் போன் திறக்கும்.

சிம்மைக் கழற்றிப் பக்கத்தில் நின்ற ஒருவர் போனில் போட்டு, மறுபடி எண்ணை வரவழைப்பதற்குள் பத்து நிமிடம் போயிற்று. சீட்டும் போயிற்று. கைக்குழந்தையோடு அந்தக் குடும்பம் முன்பதிவில்லாப் பெட்டியில் விழுப்புரம் வரை நின்றுகொண்டே போயிற்று. கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவர்களும் நாங்கள்தான், வெளியே சங்கக் கொடி பிடிப்பவர்களும் நாங்கள்தான். ஆகவே இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க எங்களால் முடியவில்லை.

அவர் ஏன் தவணை கட்டவில்லை? குடித்து அழித்தாரா? இல்லை. 24 மாதத் தவணையில் வாங்கிய போன் 14-ஆம் மாதமே படுத்துவிட்டது. பேட்டரி உப்பிவிட்டது. ஒரு போட்டோ வந்தால் இடமில்லை என்கிறது. கடைக்குப் போய் வேறு போன் கேட்டார். "பத்துத் தவணை பாக்கி இருக்கிறது. அதை ஒரேயடியாகக் கட்டு. இல்லையென்றால் பழைய பாக்கியைப் புதுப் போனின் கடனோடு சேர்த்து மறுபடி 24 மாதம் எழுதிக்கொள்" என்றார்கள். செத்த போனுக்கு நான் ஏன் கட்ட வேண்டும் என்று கோபத்தில் ஒரு மாதம் நிறுத்தினார். தூரத்தில் யாரோ ஒரு பொத்தானை அமுக்கினார்கள். போன் பூட்டிக்கொண்டது.

யாருக்கும் இது புதிதல்ல. கரிமடத்திலும், ராஜாஜி நகரிலும், கட்டடம் கட்டும் இடத்துக் கொட்டகைகளிலும் இதே கதை கேட்கிறோம். போன் ஒரு வருஷத்தில் கிழமாகிறது. கடனுக்கு இரண்டு வருஷ ஆயுசு. போனை மாற்றவும் முடியாது, விடவும் முடியாது!

"உன்னை யார் பெரிய போன் வாங்கச் சொன்னது?" என்று சில கனவான்கள் கேட்கிறார்கள். நாங்கள் பதில் சொல்கிறோம். அரசாங்கம் சொன்னது! 2021 ஆகஸ்டில் வந்த இ-ஷ்ரம் பதிவை நாமே செய்துகொள்ள வேண்டுமானால் ஆதாரோடு இணைத்த போன் எண் வேண்டும். ரயில்வே சொன்னது! 2025 ஜூலை 1 முதல் இணையத்தில் தத்கல் எடுக்க ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும், கவுண்டரிலும் ஓ.டி.பி. முறை படிப்படியாக வந்துவிட்டது. மேஸ்திரி சொன்னார்! நாளைக்கு எந்த இடத்தில் வேலை என்பதே வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. சரி, பழைய போனையே வைத்துக்கொள்வோம் என்றால் அதையும் விடுகிறார்களா? 2025 ஜனவரி முதல் ஆண்ட்ராய்டு 4.4 உள்ள போன்களில் வாட்ஸ்அப்பே ஓடாது. வாங்கு என்று ஒருவன் தள்ளுகிறான். மாற்று என்று ஒருவன் விரட்டுகிறான். மாற்றாதே, ஒப்பந்தம் இருக்கிறது என்று ஒருவன் கட்டிப் போடுகிறான். மூன்று பேருக்கும் நடுவில் நசுங்குவது உழைப்பாளி.

இந்தக் கட்டு இன்று நேற்று வந்ததல்ல. 2003-ல் ரிலையன்ஸ் கம்பெனி 501 ரூபாய் கொடுத்தால் போன் என்று நாடெங்கும் கூவி விற்றது. மீதியை மாதாமாதம் கட்ட வேண்டும். அந்தக் கருவி வேறு கம்பெனியில் வேலை செய்யாது. 2017 முடிவில் அந்தச் செல்போன் சேவையே இழுத்து மூடப்பட்டது. அதே 2017-ல் ஜியோ போன் வந்தது. 1,500 ரூபாய் டெபாசிட். மூன்று வருஷம் கழித்துத் திரும்பக் கிடைக்கும் என்றார்கள். வருஷத்துக்கு 1,500 ரூபாய்க்குக் குறையாமல் ரீசார்ஜ் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை பின்னால் வந்தது. 2021 தீபாவளிக்கு வந்தது ஜியோபோன் நெக்ஸ்ட். ரொக்க விலை 6,499 ரூபாய். தவணை என்றால் முன்பணம் 1,999, அதோடு 501 கட்டணம். ஒரு திட்டத்தில் மாதம் 300 வீதம் 24 மாதம். கூட்டிப் பாருங்கள்: 9,700 ரூபாய்! அதில் மாதம் 5 ஜி.பி.யும் 100 நிமிடப் பேச்சும் அடக்கம் என்பார்கள். உண்மைதான். ஆனால் 2 ஜி.பி. நினைவகம் உள்ள அந்தச் சின்னப் போனோடு இரண்டு வருஷம் மல்லுக்கட்ட வேண்டும் என்பதும் அதில் அடக்கம்தானே?

எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றிக்கொள்ளும் உரிமை 2011 ஜனவரி 20-ல் நாடு முழுவதும் வந்தது. சிம்முக்குக் கிடைத்த விடுதலையைத் தவணைப் போன் கொல்லைப்புறமாகத் திருடிக்கொண்டது!

தோழர்களே, நம் பாட்டன் பூட்டன்மார் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கதையை நினைத்துப் பாருங்கள். கங்காணி முன்பணம் கொடுத்தான். அந்தப் பணம் தீராத கடனாயிற்று. தோட்டத்தை விட்டு வேறு தோட்டம் போக வேண்டுமானால் 'துண்டு' என்றொரு சீட்டு வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுகிறோம் என்று அதில் எழுதியிருக்கும். புதுத் தோட்டத்தான் கடனைக் கட்டுவான். ஆளும் கடனும் சேர்ந்தே கைமாறும். தொழிலாளிக்குத் தோட்டம்தான் மாறும், கடன் மாறாது. 1921-ல்தான் அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள். இன்று 'எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்' என்று பளபளக்கும் காகிதத்தில் எழுதியிருப்பது என்ன? பழைய பாக்கி புதுப் போனோடு கைமாறுகிறது. அதே துண்டுதான்! அன்றைக்குக் கங்காணி லயத்து வாசலில் நின்றான். இன்றைக்குச் சட்டைப் பையில் உட்கார்ந்திருக்கிறான்.

"கடன் வாங்கினால் கட்ட வேண்டாமா?" என்று கேட்பார்கள். கட்ட வேண்டும். வாங்கிய கடனை மறுப்பவர்கள் அல்ல நாம். ஆனால் கடனை வசூலிக்கச் சட்டம் இருக்கிறது, கோர்ட்டு இருக்கிறது. வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரன் குடித்தனக்காரனை உள்ளே வைத்துப் பூட்டலாமா? போன் பூட்டப்பட்டால் வேலைக்கு அழைப்பு வராது, கூலி வந்ததா என்று தெரியாது, சீட்டு எடுக்க முடியாது. தவணை கட்டப் பணம் சம்பாதிக்கும் வழியையே அடைத்துவிட்டுத் தவணை கேட்பது எந்த ஊர் நியாயம்?

இணையத்தைப் பெறும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று ஒரு கல்லூரி மாணவி தொடுத்த வழக்கில் 2019 செப்டம்பரில் தீர்ப்புச் சொன்னது நம் கேரள உயர்நீதிமன்றம். விடுதி நிர்வாகம் ஒரு மாணவியின் போனைத் தடுப்பதே தவறு என்றால், கடன்காரக் கம்பெனி ஒரு குடும்பத்தின் போனையே முடக்குவது மட்டும் சரியா? கடன் கம்பெனிகள் போனைப் பூட்டுவதை நிறுத்தும்படி 2024-ல் ரிசர்வ் வங்கி சொன்னதாகவும், முன்கூட்டியே சம்மதம் வாங்கிக்கொண்டால் பூட்டலாம் என்ற யோசனை அங்கே இருப்பதாகவும் 2025 செப்டம்பரில் செய்தி வந்தது. சம்மதமாம்! தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவனிடம் இங்கிலீஷ் காகிதத்தில் பத்து இடத்தில் வாங்கும் கையெழுத்துக்குப் பெயர் சம்மதமா? 

ஆகவே நாம் கேட்பது இதுதான். ஒன்று: தவணை பாக்கிக்காகப் போனைப் பூட்டுவதைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும். இரண்டு: போனுக்கு எத்தனை மாதம் உத்தரவாதமோ, அதற்கு மேல் தவணைக் காலம் நீளக் கூடாது. மூன்று: அரசாங்கக் காரியம் எதற்கும் போன் இல்லாதவனுக்கு ஒரு கவுண்டர் திறந்திருக்க வேண்டும். இதை ரயில்வே ஊழியர்களாகிய நாங்களே ரயில்வேயிடம் முதலில் கேட்போம்.

அதுவரை நாம் செய்ய வேண்டியதும் உண்டு. 'வட்டியில்லாத் தவணை' என்ற பலகையைக் கண்டு மயங்காதீர்கள். அப்படி ஒன்று கிடையாது என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. 2024 அக்டோபர் 1 முதல், மொத்தச் செலவையும் வருஷ வட்டி விகிதத்தையும் ஒரே தாளில், கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும் என்பது விதி. அந்தத் தாளைத் தமிழில் கேளுங்கள். தராவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். பழைய பாக்கியைப் புதுப் போனில் ஏற்றாதீர்கள். அடுத்தவர் கடனுக்கு உங்கள் ஆதாரை நீட்டாதீர்கள். வம்பு வந்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். எழுதத் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். எழுதிக் கொடுக்கத்தான் சங்கம் இருக்கிறது.

விழுப்புரத்துத் தோழர் திரும்பி வந்துவிட்டார். தாயார் பிழைத்துக்கொண்டார். அவருடைய போன் இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. அவருக்காக எழுதிய புகாரில் முதல் கையெழுத்து அவருடையது. அதன் கீழே சாலைச் சந்தைச் சுமட்டுத் தோழர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இன்னும் இடம் இருக்கிறது. உங்கள் தவணைக் காகிதத்தை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள்!

தனியாக நின்றால் நம் போனைப் பூட்டுவார்கள். சேர்ந்து நின்றால் நம் வாயை யாராலும் பூட்ட முடியாது!